விற்காத போர்வை யாருடையது?

மல்லாவிப் பக்கத்தில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். இரண்டு வருடமாகத் துண்டுப் போர்வை தைக்கிறார். வெட்டுத்துணியைச் சதுரமாகவும் பட்டையாகவும் வெட்டிப் பொருத்தி, நடுவில் வாடிங் என்கிற பஞ்சுப் படையை விரித்து, பின்துணி போட்டு, மூன்றையும் சேர்த்துக் கையால் நூலோடுகிற வேலை. கொழும்பில் குவில்ட் என்று சொன்னால்தான் விளங்கும். வவுனியாவில் கடை வைத்திருக்கும், கணவருடைய கூட்டாளி ஒருவர், "நீங்கள் தையுங்கோ, நான் விற்கிறன், லாபத்தில் பாதிப் பாதி" என்று கேட்டிருக்கிறார். சேரலாமா?

விசுவமடுவில் இருந்தும் முள்ளியவளையில் இருந்தும் ஏறக்குறைய இதே கேள்வி வந்தது. ஒருவருக்கு லண்டனில் இருக்கும் மச்சாள், மற்றவருக்குக் கொழும்புக் கடை. நான் தருமபுரத்தில் எட்டு வருடமாகத் தைக்கிறேன். தனியே விற்றிருக்கிறேன், கடைக்குக் கொடுத்து நொந்திருக்கிறேன், இப்போது ஒருவரோடு சேர்ந்து விற்கிறேன். ஆகவே மூவருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று இருக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். எங்கள் ஊர்ப் பேச்சில் கூட்டாளி என்றால் நண்பன். வியாபாரத்தில் சேர்கிறவரையும் கூட்டாளி என்றுதான் சொல்கிறோம். பாதிச் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. நண்பரிடம் கணக்குக் கேட்க எங்களுக்குக் கூச்சம். அதனால் வியாபாரத்தில் சேர்கிறவரை இங்கே பங்காளர் என்றே எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

பலரும் முதலில் கேட்பது "எத்தனை வீதம் தருவார்?" என்பதைத்தான். நான் அதைக் கடைசியில் வைப்பேன். முதல் கேள்வி, விற்காமல் போன போர்வை யாருடையது என்பது. பத்துத் தைத்து ஏழு விற்றால் மிச்சம் மூன்றிலும் கிடக்கும் துணிக்காசும் உழைப்பும் யார் தலையில் விழும்? இதற்கு வரும் பதிலைப் பார்த்தாலே எதிரில் இருப்பவர் பங்காளரா, தரகரா, வாங்குபவரா என்று தெரிந்துவிடும். அவர் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறார் என்பது முக்கியமில்லை.

இரண்டாவது, ஒரு மணி நேர உழைப்புக்குக் கடைசியில் கையில் நிற்பது எவ்வளவு. மூன்றாவது, காசு எப்போது வரும். அடுத்த போர்வைக்குத் துணி வாங்கக் காசு இல்லாவிட்டால் மெசின் நிற்கும், அல்லது நுண்கடன்காரர் வாசலுக்கு வருவார். அந்தக் கதையை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நான்காவது, வாங்கியவரின் தொலைபேசி இலக்கம் யாருடைய போனில் இருக்கிறது. ஐந்தாவது, பிடிக்காவிட்டால் எப்படி வெளியே வருவது.

## முதலில் ஒரு போர்வையின் கணக்கு

ஒற்றைக் கட்டில் அளவு, 60 அங்குலத்துக்கு 90 அங்குலம். துணி, வாடிங், நூல், பின்துணி எல்லாம் சேர்த்து 6000 ரூபா என்று வைப்போம். இது என் கொப்பிக் கணக்கு. உங்களுடையது வேறாக இருக்கும், உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

நேரம் 60 மணி. துணியை முதலிலேயே நனைத்து, காயவிட்டு, அழுத்தி வெட்ட 6 மணி. பருத்தித்துணி சுருங்கும், சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். நனைக்காமல் தைத்தால் அதன் விளைவு முதல் சலவையில் வாங்கியவர் வீட்டில் தெரியும். மெசினில் பொருத்த 14 மணி. மூன்று படையையும் விரித்துப் பிடிதையல் போட 4. கையால் நூலோட 30. ஓரம் கட்ட 6.

இந்த 60 மணிக்கு என்ன விலை? "வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே" என்று சொல்பவரோடு வியாபாரம் பேசவே வேண்டாம். 2026 ஜனவரியில் இருந்து தேசிய ஆகக்குறைந்த நாட்கூலி 1200 ரூபா. எட்டு மணிக்குப் பிரித்தால் மணிக்கு 150. அது ஆகக்குறைந்தது, திறமைக்கான கூலி இல்லை. ஆனாலும் ஒரு தரைமட்டம் வேண்டுமே. 60 மணிக்கு 9000. ஆக அடக்கவிலை 15,000 ரூபா.

விற்பனை விலையை 22,000 என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

## தனியே விற்பது

வன்னியின் வெயிலில் போர்வை யாருக்கு வேண்டும் என்று என் மாமியாரே கேட்டார். நியாயமான கேள்வி. மார்கழி, தை மாதப் பனிக்கு உள்ளூரில் கொஞ்சம் போகும். பிள்ளை பிறந்த வீட்டுக்குக் கொடுக்கச் சின்ன அளவில் கேட்பார்கள். மற்றபடி வாங்குகிறவர்கள் வந்து போகிறவர்கள். ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் ஏ9 வீதியால்தான் போகிறார்கள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனம் நிற்காமல் போகாது. தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குகிற அந்தப் பத்து நிமிடத்தில், விரித்துத் தொங்கவிட்ட போர்வையைப் பார்க்காமல் யாரும் போவதில்லை. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா, ஜனவரியில் யாழ்ப்பாணத்துச் சர்வதேச வர்த்தகச் சந்தை. இவை போக பேஸ்புக், வட்ஸ்அப்.

காசு அன்றே கையில். வாங்கியவரின் இலக்கம் உங்கள் போனில். விலையை நீங்களே வைக்கலாம். ஒரு போர்வையை விற்கப் பஸ், உறை, டேட்டா, இடக்காசு என்று 1500 ரூபா போகும், 8 மணி நேரமும் போகும் என்று வைத்தால், மிச்சம் 14,500. அதை 68 மணிக்குப் பிரித்தால் மணிக்கு 213 ரூபா. பார்வைக்கு எல்லாவற்றிலும் இதுதான் கூட.

வெளியே தெரியாத செலவு விற்காத நாட்களில் இருக்கிறது. திருவிழாவில் மூன்று நாள் நின்று ஒன்றும் போகாமல், செம்மண் தூசி படிந்த போர்வைகளைத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டு வந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த மூன்று நாளில் அரைப் போர்வை தைத்திருக்கலாம். கூரியரில் "பொருள் வந்த பிறகு காசு" என்று அனுப்பினால், கதவைத் திறந்து "வேண்டாம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். போய்வந்த செலவு இரண்டும் உங்களுடையது. ஐப்பசியில் மழை தொடங்கினால் மார்கழி வரை வீட்டில் வைத்திருப்பதே வேலை. ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும், எலி வாடிங்கைத்தான் முதலில் தேடும்.

மாதத்துக்கு ஒன்று இரண்டு தைப்பவருக்கு, வாயாடத் தெரிந்தவருக்கு, பிள்ளைகள் ஓரளவு வளர்ந்துவிட்டவருக்கு இந்த வழி பொருந்தும். கைக்குழந்தையோடு இருப்பவருக்குச் சொல்ல மாட்டேன்.

## தரகுக்குக் கொடுப்பது

கடையில் வைப்பார்கள். விற்றால் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சம் தருவார்கள். விற்காவிட்டால் திருப்பித் தருவார்கள். 25 வீதம் என்றால் 22,000இல் உங்களுக்கு 16,500. துணிக்காசும், அனுப்பும் செலவு 500ம் போக 10,000. மணிக்கு 167. இது மோசமில்லை.

ஆனால் இந்த வழியில் கடைக்காரருக்கு அவசரம் இல்லை. தன் காசு போட்டு வாங்கிய பொருளை முன்னால் வைப்பார், உங்கள் பொருளை மேல்தட்டில் வைப்பார். நான் குற்றம் சொல்லவில்லை, நான் கடை வைத்திருந்தாலும் அப்படித்தான் செய்வேன். கொழும்பில் ஒரு கடைக்கு ஆறு போர்வை கொடுத்தேன். ஏழு மாதத்துக்குப் பிறகு மூன்றுக்குக் காசு வந்தது, இரண்டு திரும்பி வந்தன. ஒன்றைக் காணவில்லை. திரும்பி வந்த இரண்டிலும் மடிப்பு விழுந்த இடம் வெயிலில் வெளிறி ஒரு கோடு. கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கேட்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. கொடுக்கும்போது எண்ணிக்கை, விலை, எத்தனை நாள், பழுதானால் யார் பொறுப்பு, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று ஐந்து வரி எழுதி, ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் போதும்.

வெளிநாட்டவர்கள் வந்து போகும் இடத்தில், நல்ல பெயருள்ள கடை 90 நாள் தவணைக்கு எழுத்தில் சம்மதித்தால் கொடுக்கலாம். எல்லாப் போர்வையையும் அங்கே அடைக்கக் கூடாது.

## கடைக்கு விலைக்குக் கொடுப்பது

இது பேரம். 22,000க்கு விற்கிற பொருளை 13,000க்குக் கேட்பார்கள், சிலர் அதையும் குறைத்துக் கேட்பார்கள். 13,000 என்றால் துணிக்காசு போக 7000. மணிக்கு 117 ரூபா. சட்டம் சொல்லும் கூலிக்குக் கீழே. "இதற்கா தைத்தோம்" என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். பத்தில் ஏழுதான் விற்கும் என்று வைத்துப் பார்ப்போம். தரகில் ஏழு போர்வைக்கு 115,500 வரும். பத்துக்கும் போன துணிக்காசு 60,000, அனுப்பும் செலவு 5000. மிச்சம் 50,500, உழைத்த 600 மணிக்குப் பிரித்தால் மணிக்கு 84. கடைக்காரர் பத்தையும் 13,000 போட்டு எடுத்துக்கொண்டு போனால் மிச்சம் 70,000, மணிக்கு அதே 117. தரகு இதை முந்த வேண்டுமென்றால் பத்தில் ஒன்பது போர்வையாவது விற்க வேண்டும். நான் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

இங்கேயும் பொறி உண்டு. "காசு அடுத்த மாதம்" என்று பின்திகதிக் காசோலை தருவார்கள். நீங்கள் துணிக்கடைக்கு அடுத்த மாதம் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, ஒரே வாங்குபவரை நம்பி இருப்பது. 2009க்குப் பிறகு மீள்குடியேறிய ஊர்களில் தையல் மெசினும் பயிற்சியும் திட்டத்துக்குத் திட்டம் வந்தன. பையும் மேசைவிரிப்பும் தைத்துக் கொடுத்தோம். திட்டம் முடிந்தது, வாங்கியவர்களும் போனார்கள், மெசின் மட்டும் திண்ணையில் நின்றது.

துணியும் வாடிங்கும் கடைக்காரரே தந்து தைகூலி மட்டும் கொடுப்பதானால் கதை வேறு. முதல் போடத் தேவையில்லை. அப்போது பேச வேண்டியது மணிக்கூலி ஒன்றைத்தான். ஆனால் உங்கள் சொந்த மாதிரியை அங்கே காட்ட வேண்டாம். அடுத்த வருடம் அது மெசின் தையலில், பாதி விலைக்குத் தொங்கும்.

## பங்காளரோடு சேர்வது

இனி மல்லாவித் தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். "லாபத்தில் பாதிப் பாதி." கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! லாபம் என்றால் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

அவர் மனதில் உள்ள கணக்கு பெரும்பாலும் இப்படி இருக்கும். 22,000இல் துணிக்காசு 6000, விற்கும் செலவு 2000 கழித்தால் 14,000. அதில் பாதி 7000. உங்கள் 60 மணிக்கு 7000, மணிக்கு 117. கடைக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்தபோது வந்த அதே தொகை. அங்கே விற்காத போர்வை கடைக்காரருடையது. இங்கே அதிலும் பாதி உங்களுடையது. ஏழுதான் விற்றால் மணிக்கு 67 ரூபா. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா வழியிலும் ஆகக் குறைந்த தொகை இதுதான். பாதி என்ற சொல்லின் அழகில் இது மறைந்துபோகிறது.

இப்போது ஒரு வரியை மாற்றுவோம். தைகூலியும் ஒரு செலவு. அதையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம். 22,000இல் துணி 6000, விற்கும் செலவு 2000, தைகூலி 9000 போக மிச்சம் 5000. அதில் பாதி 2500. உங்களுக்குக் கூலி 9000, பங்கு 2500, மொத்தம் 11,500. மணிக்கு 192.

ஏழுதான் விற்றால்? வரவு 154,000. துணிக்கு 60,000, விற்கும் செலவுக்கு 14,000 போக 80,000 இருக்கும். கூலி 90,000 வேண்டும். 10,000 நட்டம். அதில் 5000ஐ பங்காளர் தன் சட்டைப்பையில் இருந்து எடுத்துத் தர வேண்டும். உங்கள் கையில் 85,000 நிற்கும், மணிக்கு 142. கெட்ட வருடத்தில் எல்லா வழியையும் விட இது கூட. தனியே நின்று விற்றதையும் விடக் கூட.

ஆளும் போர்வையும் விலையும் அதே, "பாதிப் பாதி" என்ற பேச்சும் அதே. ஒரு வரியால் 67, 142 ஆகிறது. பங்காளரோடு சேரலாமா என்ற கேள்விக்கு என் பதில் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

பங்காளரின் நேரத்துக்கும் அதே மணிக்கூலியை எழுதுங்கள், அதுதான் நியாயம். ஒரு போர்வையை விற்க அவருக்கு 8 மணி போனால் 1200 ரூபா அவருக்கு. பத்தும் விற்ற வருடத்தில் உங்கள் 192 அப்போது 182 ஆகும். பரவாயில்லை. உழைக்கிற பங்காளரை உழைக்க வைப்பது அந்த 1200தான்.

எழுத்தில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று சட்டத்தைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இலங்கையில் பங்குடைமைக்கு இங்கிலாந்துச் சட்டத்தையே பின்பற்றுகிறார்கள். அங்கே 1890ஆம் ஆண்டின் பங்குடைமைச் சட்டம், 24ஆம் பிரிவு. வேறு உடன்படிக்கை இல்லையென்றால் லாபமும் நட்டமும் சமபங்கு, வியாபாரத்தில் வேலை செய்ததற்காக எந்தப் பங்காளருக்கும் சம்பளம் இல்லை. அதாவது, வாய்ப்பேச்சோடு விட்டால் உங்கள் 60 மணி நேரத்துக்குச் சட்டப்படியும் விலை இல்லை.

அதோடு, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, 1000 ரூபாவுக்கு மேல் முதல் உள்ள பங்குடைமை எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். இன்று 1000 ரூபாவுக்கு ஒரு போர்வையின் பின்துணிகூட வராது. ஆகவே நம் எல்லாருடைய வியாபாரமும் இதற்குள் வந்துவிடும். எழுதாமல் சேர்ந்துவிட்டு, பிறகு நீதிமன்றத்தில் போய் "நாங்கள் பங்காளர்கள்" என்று நிறுவுவது கடினம். கடன்காரர் விடயம் அப்படி இல்லை. வெளியே இருக்கும் ஒருவர் உங்கள் இருவரையும் பங்காளர்கள் என்று சொல்லி வழக்குப் போட அந்தச் சட்டம் தடையில்லை. பங்காளர் வியாபாரத்தின் பெயரில் கடனுக்கு வாடிங் எடுத்துக் கட்டாமல் விட்டால், உங்கள் வீட்டுச் சாமானும் அந்தக் கடனுக்குப் பொறுப்பு. இது தரகரிடமும் இல்லை, கடைக்காரரிடமும் இல்லை. சேரும் முடிவை எடுப்பவர் முதலில் யோசிக்க வேண்டிய ஆபத்து இதுதான், பங்கு வீதம் அல்ல.

அப்படியென்றால் ஏன் சேர வேண்டும்? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சந்தைக்குப் போகாத நாட்களில் என் தையல் சீராகிவிட்டது. விலை பேசும்போது நான் இரக்கப்பட்டு இறங்கிவிடுவேன், என் பங்காளர் இறங்க மாட்டார். இரட்டைக் கட்டில் அளவு கேட்டு ஒரு விடுதி வந்தபோது முன்பணம் வாங்கும் துணிவும் அவருக்குத்தான் இருந்தது. தனியே இருந்திருந்தால் "தந்தால் போதும்" என்று தைத்துக் கொடுத்திருப்பேன். மாதத்துக்கு நான்குக்கு மேல் தைக்க முடிந்தவர், கூட இரண்டு பெண்களை வைத்துத் தைப்பவர், விற்க நேரமோ மனமோ இல்லாதவர், இவர்களுக்கு நல்ல பங்காளர் வரம்தான்.

## ஐந்தையும் பக்கத்தில் வைத்தால்

பத்துப் போர்வை, மேலே சொன்ன அதே விலைகள். விற்காத போர்வைக்கு மதிப்பு ஒன்றும் இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு.

| வழி | பத்தும் விற்றால் மணிக்கு (ரூபா) | ஏழு விற்றால் மணிக்கு (ரூபா) | விற்காதது யாருடையது | காசு எப்போது | வாங்கியவரைத் தெரிந்தவர் |
|---|---|---|---|---|---|
| தனியே | 213 | 127 | உங்களுடையது | விற்ற அன்று | நீங்கள் |
| தரகு, 25 வீதம் | 167 | 84 | உங்களுடையது, இருப்பது அவரிடம் | விற்ற பிறகு, அவர் அனுப்பும்போது | கடை |
| கடைக்கு விலைக்கு | 117 | 117 | கடைக்காரருடையது | கொடுக்கும்போது அல்லது காசோலைத் திகதியில் | கடை |
| பங்கு, கூலி கழிக்காமல் | 117 | 67 | இருவருடையது | கணக்குப் பார்க்கும்போது | பெரும்பாலும் அவர் |
| பங்கு, கூலி கழித்து | 192 | 142 | இருவருடையது | கூலி மாதாமாதம், பங்கு பிறகு | எழுதியபடி |

தனியே விற்பதற்கும் கூலி கழித்த பங்குக்கும் நல்ல வருடத்தில் 21 ரூபாதான் வித்தியாசம். அந்த 21 ரூபா, திருவிழா வெயிலில் நிற்காமல் இருப்பதற்கு நீங்கள் கொடுக்கிற விலை. எனக்கு அது மலிவு.

## லண்டன் மச்சாள்

விசுவமடு அக்காவுக்கு இது. வெளிநாட்டில் ஒருவர் இருப்பது பெரிய பலம். கையால் நூலோடிய போர்வையின் அருமை குளிர்நாட்டில் தெரியும். எட்சி (Etsy) போன்ற இணையத் தளத்தில் விற்க ஆசைப்பட்டாலும், இலங்கைக் கணக்கு வைத்திருப்பவரால் பேபாலில் காசு கட்டலாமே தவிர பெற முடியாது என்பதே நீண்டகால நிலைமை. அங்கே வங்கிக் கணக்கு உள்ள ஒருவர் இருந்தால் அந்தக் கதவு திறக்கும்.

செலவை மட்டும் முன்கூட்டியே எழுதுங்கள். எட்சி ஒரு பொருளைப் பட்டியலில் போட 0.20 டொலர் எடுக்கும், விற்றால் 6.5 வீதம், அனுப்பும் கட்டணத்தின் மீதும் சேர்த்து. கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பொதியின் பருமனையும் பார்ப்பார்கள். இரண்டு கிலோப் போர்வை பருமனில் ஐந்து கிலோ ஆகிவிடும். காற்றை உறிஞ்சும் பையில் அமுக்கி அனுப்பலாம், ஆனால் மாதக்கணக்கில் அப்படியே வைத்தால் வாடிங் தட்டையாகி எழும்பாது. பிரித்தானியாவில் விற்பனைப் பொருளுக்கு 20 வீதம் வற் வரி. "அன்பளிப்பு என்று எழுதி அனுப்புங்கோ" என்று மச்சாள் சொல்வார். அன்பளிப்புச் சலுகை 39 பவுணுக்குள் உள்ளதற்கு மட்டும், அதுவும் உண்மையிலேயே அன்பளிப்பாக இருந்தால். விற்கிற பொருளுக்கு அப்படி எழுதினால் பொதி பிடிபடும் அன்றைக்கு மச்சாளுக்குத்தான் தலையிடி. துணி என்ன இழையால் ஆனது என்று சொல்லும் சின்ன லேபிளும் அங்கே கட்டாயம்.

அவரைப் பங்காளராக எடுக்க நான் சொல்ல மாட்டேன், முதல் வருடத்தில் வேண்டாம். அவர் வேலைக்குப் போய்வந்து இரவில் பொதி கட்டுகிறவர். நட்டத்தில் பங்கு கேட்டால் உறவு கசக்கும், கேட்காவிட்டால் அவர் பங்காளர் இல்லை. தரகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு மூன்று போர்வைக்கு மேல் அனுப்ப வேண்டாம், அவை விற்ற பிறகு அடுத்தது.

முள்ளியவளைக்காரருக்கு, கொழும்புக் கடை பத்துக்கு ஐந்தைக் காசு கொடுத்து வாங்கினால் மிச்சம் ஐந்தை 90 நாள் தரகுக்கு வைக்கலாம். ஒன்றைக்கூட விலைக்கு எடுக்க மாட்டோம் என்கிற கடைக்கு, அந்தப் பொருள் விற்கும் என்ற நம்பிக்கை இல்லை.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் விற்பது பற்றியும் ஒரு வரி. வாடிங்கை உருளையாக எடுக்கவும் கண்காட்சியில் இடம் பிடிக்கவும் சங்கம் நல்லது. விலை வைக்கச் சரிவராது. எல்லாருடைய போர்வையும் ஒரே விலை என்று தீர்மானம் போட்டுவிடுவார்கள், நெருக்கமாக நூலோடுபவரும் அகல நூலோடுபவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

## அந்த ஒரு பக்கம்

சேர்வதானால் ஒரு பக்கம் எழுதுங்கள். தமிழில், இருவருக்கும் விளங்கும் சொல்லில். நானும் என் பங்காளரும் எழுதியதில் இவை இருக்கின்றன.

துணிக்கு முதல் யார் எவ்வளவு போட்டது. ஒரு போர்வைக்கு எத்தனை மணி, மணிக்கு எவ்வளவு, அது மாதக் கடைசியில் விற்றாலும் விற்காவிட்டாலும் பாதியாவது கையில் வர வேண்டும் என்பது. 5000 ரூபாவுக்கு மேல் கடனுக்கு எதையும் வாங்குவதானால் இருவர் கையெழுத்தும் வேண்டும். வங்கிக் கணக்கும் அப்படியே. பேஸ்புக் பக்கத்தின் கடவுச்சொல் இருவரிடமும். போர்வை மூலையில் தைக்கிற பெயர் என்னுடையது, நாங்கள் பிரிந்தாலும் என்னுடையது. விலக நினைப்பவர் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும், அன்று இருக்கும் போர்வைகளை எண்ணி மாறி மாறி எடுப்பது.

கடைசி வரியை எழுதும்போது அவருக்கு முகம் கொஞ்சம் மாறியது. "இப்பவே பிரியிறதைப் பற்றிக் கதைக்கிறீங்கள்" என்றார். எழுதினோம், இரண்டு சாட்சி கையெழுத்திட்டார்கள். வியாபாரத்துக்குத் தனிப்பெயர் வைத்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு வேறு செய்ய வேண்டும், கிராம அலுவலரிடம் இருந்து தொடங்குங்கள். பெரிய தொகை என்றால் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

மல்லாவித் தங்கச்சிக்கு: வவுனியாக்காரரிடம் பாதிப் பாதிக்குச் சம்மதம் சொல்லும் முன் ஒன்றைக் கேளுங்கள். "அண்ணை, பத்தில் மூன்று விற்காட்டி, என்ர தைகூலிக்குக் குறையிறதில பாதியை நீங்கள் தருவீங்களோ?" என்று. கணவர் பக்கத்தில் இருக்கும்போதே கேளுங்கள். "ஓம்" என்றால் மூன்று போர்வையோடு தொடங்கி ஆவணி வரை பாருங்கள். சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றினால் அவருக்குக் கோபமில்லாமல் தரகு 25 வீதம் சொல்லுங்கள், அவர் கடை நல்ல இடத்தில்தான் இருக்கிறது.